பெசன்ட் நகர் ஆமை நடை: ஆமை வராவிட்டாலும் போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் முடிவதற்குள் ஒரு வெள்ளியோ சனியோ ராத்திரி ஓய்வு கிடைத்து, ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க முழங்கால் சம்மதித்தால், சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, கடலாமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பதற்காக நடக்கும் இந்த ஆமை நடையில் கலந்துகொள்ளுங்கள். கடலாமையைப் பார்த்தே தீருவோம் என்று மட்டும் நினைத்துக் கிளம்பாதீர்கள். எங்கள் கண்ணில் உயிருள்ள தாய் ஆமை படவே இல்லை. அப்படியும் உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுதுகிறேன் என்றால், அந்த ராத்திரியில் கிடைத்தது அவ்வளவு இருக்கிறது.

நான் மாநகரப் பேருந்தில் நடத்துநர். பெரும்பாலும் 29சி, பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஓடுவது. பெசன்ட் நகரில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டே கடல் காற்று வாங்குவது எனக்கு வழக்கம். தை மாசம் பிறந்தால் விடியற்காலை முதல் வண்டியில் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் ஏறுவார்கள். முகத்தில் தூக்கம், கால்சட்டை முழங்கால் வரை ஈரம். எங்கேயோ கொண்டாட்டம் முடிந்து வருகிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "ஆமை முட்டை எடுக்கப் போனோம் அண்ணா. நூத்திப் பன்னெண்டு முட்டை" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்கும் போகவேண்டும் என்று தோன்றியது. என் மகள் கயல் ஒன்பதாம் வகுப்பு. அவளையும் கூட்டிப்போனேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா வாசலிலேயே தடுத்தார். ஆமை நம் வீட்டுக்கு வரவில்லை, நாங்கள்தான் அதன் வீட்டுக்குப் போகிறோம் என்று கயல் சொன்னதும் விட்டுவிட்டார்.

இதை நடத்துவது ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற மாணவர் அமைப்பு. 1988இல் தொடங்கியது. இத்தனை வருஷமாகப் பெரும்பாலும் மாணவர்களையும் தன்னார்வலர்களையும் நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது. பொதுமக்கள் வருவது வெள்ளி, சனி ராத்திரிகளில்தான். அதற்காக மற்ற நாட்களில் கரை சும்மா கிடக்கும் என்று நினைக்கவேண்டாம். பருவம் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் இவர்கள் நடக்கிறார்கள். ஆமைக்குக் கிழமை தெரியாதே. தேர்வு, வேலை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே முறை வைத்து யாராவது நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரவுப் பணி என்றால் என்ன என்று தெரிந்தவன் என்ற முறையில் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நீலாங்கரைக் கரையில் எல்லோரையும் மணலில் உட்கார வைத்து முதலில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சுக்குத் தாமதமாகப் போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது. நம் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். கடலாமைகளில் சிறிய இனங்களில் ஒன்று. அப்படியும் வளர்ந்தது நாற்பது கிலோ வரும். பெண் ஆமை மட்டுமே கரையேறும், அதுவும் முட்டையிட மட்டும். பின் துடுப்புகளால் குடம் வடிவில் முக்கால் கை ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தட்டி மண்ணை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டுப் பக்கம் வருவதே இல்லை. 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் மணலின் சூட்டில் பொரிந்து குஞ்சுகள் தானாக மேலே வரவேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். மணல் முப்பது டிகிரியைத் தாண்டினால் பெண் அதிகம், அதற்குக் குறைந்தால் ஆண் அதிகம். அப்படியானால் வெயில் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கயல் கேட்டாள். பேசிக்கொண்டிருந்த தம்பி, ஆண்களே இல்லாமல் போகும், இன்னும் ஏறினால் முட்டைக்குள்ளேயே வெந்து செத்துப்போகும், அதனால்தான் வெயில் அதிகமானால், எடுத்துவந்த முட்டைகளைப் புதைத்துவைக்கும் பொரிப்பகத்துக்கு நிழல் போடுகிறோம் என்றார். அவள் தமிழில் கேட்டாள், அவரும் தமிழிலேயே நிதானமாகச் சொன்னார்.

இந்த நடையின் வரலாறும் அங்கேதான் தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் கிண்டி பாம்புப் பண்ணையை உண்டாக்கிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் மதராஸ் கரையில் ராத்திரி நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்போது முட்டையை எடுத்து விற்பவர்களுக்கும் நாய்களுக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாகவேண்டும். அந்த நடையில் ஐஐடியில் படித்துக்கொண்டிருந்த சதீஷ் பாஸ்கர் என்ற இளைஞரும் சேர்ந்தார். பிறகு படிப்பை விட்டுவிட்டு இந்தியக் கரை முழுக்க ஆமைகளைத் தேடி நடந்தே அளந்திருக்கிறார். 1982இல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவில் தன்னந்தனியாக இருந்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி பாட்டிலில் போட்டுக் கடலில் விட, அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதை உரிய முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஆமைக்காக ஒருவர் இப்படியெல்லாம் வாழ்ந்திருக்கிறார் என்று எனக்கு அந்த ராத்திரிதான் தெரியும். 2023இல் காலமாகிவிட்டார். இவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, நடைக்கு வருகிறேன்.

நள்ளிரவு நெருங்கும்போது கிளம்பினோம். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. முன்னால் போகிறவரைத் தாண்டிப் போகக் கூடாது. போனால் ஆமைத்தடத்தை மிதித்து அழித்துவிடுவோம். ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோட்டை ஒட்டியே நடக்கவேண்டும். தடம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு கிலோமீட்டர் சுகம். அப்புறம் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பிக்கும். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் எனக்கே இழுத்தது. நடுவில் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார்கள், அவசரப்படுத்துவதில்லை.

நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம் பக்கம் வாழ்கிறவர்கள் ஒருமுறை இந்தக் கரையை ராத்திரி ஒரு மணிக்குப் பார்க்கவேண்டும். எத்தனை விளக்குகள்! வீட்டு மொட்டை மாடி விளக்கு, விடுதி விளக்கு, தெருக்கோடியில் ஹைமாஸ்ட். பொரிந்து வெளியே வரும் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். ஆதி காலத்திலிருந்து ராத்திரியில் வெளிச்சமான பக்கம் என்றால் அது கடல்தான். நட்சத்திரமும் நிலவும் தண்ணீரில் பட்டு வரும் வெளிச்சம். இப்போது வெளிச்சம் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய், டயரில் நசுங்கியோ, நாய் வாயிலோ, காலை வெயிலில் காய்ந்தோ செத்துப்போகின்றன. முட்டையை அதே இடத்தில் விடாமல் எடுத்துக் கொண்டுபோய் வேலி போட்ட பொரிப்பகத்தில் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கரை இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தால் தாய் ஆமை வைத்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். தங்கள் வேலை தேவையில்லாமல் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொட்டிவாக்கம் தாண்டி முன்னால் போன பெண் கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றோம். மணலில் கடலிலிருந்து மேலேறிப் போன ஒரு தடம், பக்கத்திலேயே திரும்பி இறங்கிய ஒரு தடம். ஒரு துடுப்பு மாற்றி ஒரு துடுப்பு வைத்து நகர்ந்திருக்கிறது; இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் மாறி மாறி விழுந்திருந்தன. வந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை. தடம் முடிந்த இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. அந்தப் பெண் ஒரு மெல்லிய கம்பியை மணலில் மெதுவாக இறக்கி இறக்கிப் பார்த்தாள். இறுகின மண்ணில் கம்பி நிற்கும், கூட்டுக்கு மேல் மட்டும் பொதுக்கென்று இறங்கும். முட்டையில் குத்திவிடாமல் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பழகிய கைக்கு மட்டுமே வரும். அதற்குப் பிறகு கம்பியை வைத்துவிட்டு வெறும் கையால் தோண்டினாள். தோள்வரை கை உள்ளே போயிற்று.

முட்டைகள் வெள்ளையாக, உருண்டையாக, ஓடு மெத்தென்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணித் துணிப்பைக்குள் வைத்தார்கள். திருப்பக் கூடாது, குலுக்கக் கூடாது, இட்ட சில மணி நேரத்துக்குள் புதுக்குழிக்குப் போய்ச் சேர்ந்தாகவேண்டும். நேரம் கடந்தால் உள்ளே இருக்கும் கரு மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துவிடும். குழியின் ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டின் ஈர மணலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கயலைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பிள்ளை மணலில் மண்டியிட்டு, முணுமுணுவென்று எண்ணிக்கொண்டு, நடுவில் யாராவது பேசினால் கையைக் காட்டி அடக்கிக்கொண்டு இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த நடை மற்ற சுற்றுலாக்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன். வந்தவர்களைப் பார்வையாளராக உட்கார வைக்காமல் வேலையைக் கையில் கொடுக்கிறார்கள்.

அதே ராத்திரி திருவான்மியூர் நெருங்கும்போது ஒரு செத்த ஆமையும் கிடந்தது. முழு வளர்ச்சி அடைந்த பெண். உடம்பில் வெட்டுக்காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண் வீங்கியிருந்தது. அதையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மீன் மாதிரிச் செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். விசைப்படகின் இழுவலையில் மாட்டினால், வலையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படிச் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமைகள் கூடுவதும் அந்த எல்லைக்குள்தான். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஒன்றும் இருக்கிறது. அது நம் கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன்கள் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை வரும் காலம் தை, மாசி, பங்குனி. தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் வந்துபோய் முடிந்திருக்கும். இதைச் சொன்ன பிள்ளைகள் யாரையும் திட்டிப் பேசவில்லை. கணக்கை மட்டும் சொன்னார்கள். ஒரு ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷமாவது வேண்டும், ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் அதுவரை தப்பிப் பிழைக்கும் என்பார்கள். அப்படிப் பிழைத்து வந்த ஒன்று, வயிறு நிறைய முட்டையோடு நம் காலடியில் கிடந்தது. அதற்கு அப்புறம் பெசன்ட் நகர் வரை கயல் பேசவே இல்லை.

பொரிப்பகம் ஆல்காட் குப்பத்தை ஒட்டி இருக்கிறது. மூங்கில் கழி, வலை, உள்ளே வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதின குச்சி. அலங்காரம் எதுவும் இல்லை. எடுத்துவந்த முட்டைகளுக்குப் பழைய குழியின் ஆழத்திலேயே, அதே வடிவத்திலேயே புதுக்குழி பறித்து வைத்து மூடினார்கள். பொரியும் நாள் நெருங்கினால் மேலே கூடை கவிழ்ப்பார்கள். வானம் வெளுக்கத் தொடங்கியபோது எங்கள் வேலை முடிந்தது. அவர்களுக்கு முடியவில்லை, வடக்கே மெரினா பக்கம் நடந்த இன்னொரு குழு வரும்வரை காத்திருந்தார்கள்.

ராத்திரி நடக்க முடியாதவர்கள், சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள் எல்லோருக்கும் மார்ச் கடைசியிலிருந்து இதே இடத்தில் சாயங்காலம் குஞ்சு விடுவது இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போனோம். கூடைக்கு அடியிலிருந்து குஞ்சுகளை எண்ணி எடுத்துக்கொண்டு வந்து, அலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே மணலில் விடுகிறார்கள். தண்ணீரில் தூக்கிப் போடுவதில்லை. தன் காலால் அந்த மணலில் நடந்தால்தான் பிறந்த கரை அதற்குள் பதியும், பெண்ணாக வளர்ந்தால் முட்டையிட இந்தப் பக்கமே திரும்பி வரும் என்று விளக்கினார்கள். கூட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். தொட அனுமதி இல்லை, ஃபிளாஷ் அடிக்க அனுமதி இல்லை. யாராவது கயிற்றைத் தாண்டினால் ஒரு கல்லூரிப் பெண் வந்து கண்டிப்பாகவே சொல்கிறாள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. வேறொரு ஊரில், கடலோர விடுதி ஒன்றில் குஞ்சு விடும் நிகழ்ச்சி என்று காசு வாங்கிக்கொண்டு, பகல் வெயிலில் குஞ்சுகளைத் தட்டில் வைத்து ஆளாளுக்குக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவிட்டதை என் தங்கை குடும்பம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். குஞ்சு பிறக்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவின் சக்தியை வைத்துத்தான் முதல் சில நாள் நிற்காமல் நீந்தி ஆழ்கடல் போய்ச் சேரவேண்டும். தட்டிலும் தொட்டியிலும் அது வீணாகிவிடுகிறது. அதனால் எங்கே போனாலும் இதைக் கவனித்துப் பாருங்கள்: குஞ்சைப் பகலில் விடுகிறார்களா, கையில் கொடுக்கிறார்களா, தொட்டியில் வைத்திருக்கிறார்களா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

குஞ்சு விட்டு முடிந்ததும் குப்பத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "சின்ன வயசுல நாங்களே முட்டய எடுத்துத் துன்னுருக்கோம் தம்பி. இப்ப எங்க பேரப் புள்ளங்க அந்தப் பசங்களோட சேர்ந்துகினு காவலுக்குப் போவுது" என்றார். வலையில் ஆமை மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உசுரோட இருந்தா அறுத்து வுட்டுடுவோம். வலை போச்சின்னா போச்சி. அதுக்கு யாரு தருவா?" சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கு ஒரு வலை என்பது பெரிய காசு. மகாராஷ்டிர அரசு 2018 கடைசியிலிருந்து, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுத்த மீனவருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்கிறது. அதே மாநிலத்தில் ரத்னகிரி பக்கம் வேலாஸ் என்ற கிராமத்தில் ஆமை விழா நடத்துகிறார்கள். வருகிறவர்கள் ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுகிறார்கள், அந்த வருமானம் ஊருக்கே போகிறது. முட்டை விற்ற ஊர் முட்டை காக்கும் ஊராக மாறியது அப்படித்தான். நம் பக்கத்திலும் 2002இல் நீலாங்கரையில் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் கிராமத்து இளைஞர்களையே காவலர்களாக வைத்து அவரவர் கரையைப் பார்த்துக்கொள்ளச் செய்கிறது. ஆமை எப்போது வரும், காற்று எப்படி மாறும், எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் இவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. நடைக்கு முந்தைய பேச்சில் இப்படி ஒரு பெரியவரும் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாணவர்கள் சொல்லும் அறிவியலும் அவர் சொல்லும் கடலும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இன்னொரு ஆசையும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கரைக்கு வரவேண்டும். நாங்கள் போன ராத்திரி வந்தவர்களில் ஐடி வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். வடசென்னையின் அரசுப் பள்ளிகளில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. கயல் தன் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினாள். அறிவியல் ஆசிரியை அவளைக் கரும்பலகையில் கூடு வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார். அடுத்த பருவத்தில் வகுப்பையே சாயங்கால நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டு அனுப்பினார். பஸ் வசதிக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள்; ஒரு ராத்திரிக்கு இவ்வளவு பேர்தான் என்று வைத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான், கூட்டம் கூடினால் ஆமை கரையேறாது. நாங்கள் போனபோது கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை; பொரிப்பகச் செலவுக்கு நம்மால் முடிந்ததைக் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும் என்றே சொல்வேன். அடர்ந்த நிறத்தில் உடை போடுங்கள். செருப்பைவிட ஷூ நல்லது, கண்ணாடிச் சில்லு நிறையக் கிடக்கிறது. தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நடுவழியில் கழிப்பறை கிடையாது என்பதைப் பெண்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ராத்திரி நடை வேண்டாம். நீரிழிவு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சாயங்காலம்தான் நல்லது. ஏப்ரலில் ஐந்தரை மணிக்கெல்லாம் போய்விட்டால் கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். கூடு பொரிவதைப் பொறுத்துத்தான் குஞ்சு விடுவதும் என்பதால், அன்றைக்கு உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீலாங்கரைக்குப் போக, திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஈசிஆர் பக்கம் போகும் எந்த வண்டியும் சரி. ஒன்பதரை மணிக்குள் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் வண்டி குறைந்துவிடும். நடை முடிவது பெசன்ட் நகரில் என்பதால் இருசக்கர வாகனத்தை நீலாங்கரையில் விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போய் எடுக்கவேண்டியிருக்கும். பஸ்ஸில் வருவதே வசதி. விடியற்காலை பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை திறந்திருக்கும். கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள் நடைக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, தையிலிருந்து சித்திரை முடியும் வரை கடல் பக்கம் இருக்கும் மாடி விளக்கை ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள்.